ஒர்னெல்லாவுக்குப் பதில் ஆள்

ஒர்னெல்லா பல்செட் செய்கிறவள். பொலோஞா நகரத்துக் கிழவர்களில் பலர் அவள் வார்த்துக் கொடுத்த பல்லால்தான் மாமிசம் கடிக்கிறார்கள். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, வேலையில் மயிரிழை பிசகாது. அவளிடம் ஒரே குறை, அடுத்தவர் தட்டில் கிடக்கும் துண்டு எப்போதும் அவள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். சின்ன வயதில், சொந்த ஊரான கொமாக்கியோவில், அக்காவுக்கு விழுந்த விலாங்கு மீன் துண்டை விரலால் அளந்து பார்த்துவிட்டு அழுதவள் அவள். பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் நியாயம்தானே கேட்கிறேன் என்பாள்.

ஏழு வருடமாக இரண்டு பேரோடு ஒரு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவன் துல்லியோ, நாடக மேடைகளுக்கு விளக்கு போடுகிறவன். இன்னொருத்தி மார்த்தினா, இந்த வருடம் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிடுவேன் என்று பத்து வருடமாகச் சொல்கிறவள். மூன்று பேர் பெயரும் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் இருந்தன. ஒருவர் செய்த தப்புக்கு மூவரும் பொறுப்பு என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்ற இருவரும் அந்த வரியைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

துல்லியோ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகைக்குப் போய்விட்டான். கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகியபோது படிக்கட்டில் நின்று வசவு வாங்கியவள் ஒர்னெல்லா. எரிவாயு நிறுத்தப்போவதாக வந்த எச்சரிக்கைச் சீட்டை மார்த்தினா படிக்கிற புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகி வைத்துக்கொண்டாள். ஜனவரி மாதத்தில் பதினோரு நாள் மூவரும் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். சரியாகச் சொன்னால் ஒர்னெல்லா குளித்தாள். மற்ற இருவரும் குளிக்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் முடிவெடுத்தாள். பக்கத்து நகரமான பெராராவில் ஒரு பல் மருத்துவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கேயே ஒற்றை அறை வீடும் அமைந்தது, ஆனால் மாதக் கடைசிக்குள் வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பழைய ஒப்பந்தத்தில் பெயர் இருக்கும்வரை அவள் எங்கே போனாலும் இந்த வீடு கழுத்தில்தான் தொங்கும். ஆறு மாதத்துக்கு முன்பே பதிவுத் தபாலில் எழுதியிருந்தால் கழன்றுகொள்ளலாம், அதற்கு நேரம் இல்லை. மிச்சம் இருந்தது அங்கத்திய வழக்கம். போகிறவர் தன் இடத்துக்கு ஒரு ஆளைத் தானே பிடித்து வரவேண்டும். வந்த ஆளைச் சமையலறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, இருக்கிறவர்கள் பார்த்துப் பேசிச் சம்மதிக்க வேண்டும். அப்புறம் எல்லோரும் ஒன்றாகப் போய் வீட்டுக்காரர் முன்னால் கையெழுத்து. பெண் பார்க்கிற சடங்குதான், ஆனால் வீட்டைத் துடைத்துப் பலகாரம் செய்து வைப்பது ஓடிப்போகப் போகிற மருமகள்.

முதலில் வந்த பெண் அரை மணி நேரம் மணியடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஒர்னெல்லா வேலைக்குப் போயிருந்தாள், உள்ளே இரண்டு பேரும் தூக்கம். இரண்டாவதாக வந்தவனுக்குக் கதவு திறந்த துல்லியோ, அரை நிக்கரோடு நின்று, "பிட்ஸாவா? நாங்க சொல்லலியே," என்றான். மூன்றாவது ஆளைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். கையெழுத்து நாளன்று மார்த்தினா தேதியை மறந்து அந்தக் குளிரிலும் கடற்கரைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் ஸானொட்டி ஓய்வுபெற்ற வக்கீல், கறாரான மனுஷர்.

"எல்லாரும் சேர்ந்து வாங்கம்மா. பாதிப் பேர வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று அனுப்பிவிட்டார். அந்த ஆளும் கைநழுவிப் போனான்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது அகதா வந்தாள். தெற்கே கத்தானியா ஊர்க்காரி, ஒர்னெல்லாவைவிடப் பத்து வயது சின்னவள், ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அவள் உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் சமையலறையில் சிரிப்புச் சத்தம். காபி குடித்து முடித்ததும் அடுப்பிலிருந்த மோக்காவை, அதுதான் காபிப் பாத்திரத்தை, எடுத்துத் துல்லியோ கையில் கொடுத்தாள்.

"குடிச்சாச்சுல்ல? போய்க் கழுவிடு."

துல்லியோ எழுந்து போனான்! ஏழு வருடத்தில் அவன் கை அந்தத் தொட்டியில் நனைந்து ஒர்னெல்லா பார்த்ததில்லை. போனவன் பஞ்சில் சோப்பைப் பிழிந்து பரபரவென்று தேய்த்தான். அந்த நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும், மோக்காவுக்கு வெறும் தண்ணீர்தான், சோப்பு பட்டால் காபி பாழ்.

"அடப்பாவி, சோப்பா போடறே!" என்று ஒர்னெல்லா அலறினாள்.

"விடுங்கக்கா, கன்னிக் கழுவல் போல," என்று அகதா சிரித்தாள். "நாலு தடவை காபி போட்டுக் கீழ கொட்டினா வாடை போயிடும்."

"ஞாயித்துக்கிழமை லீவா உனக்கு? வந்துடு, லசாஞ்ஞா பண்றேன்," என்றாள் மார்த்தினா.

மார்த்தினாவுக்கு லசாஞ்ஞா பண்ணத் தெரியும் என்பதே ஒர்னெல்லாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வயிறு எரிந்தது. பதில் ஆள் கிடைத்துவிட்டாள், இருவருக்கும் பிடித்துவிட்டது, வருகிற வியாழக்கிழமை கையெழுத்து. குதித்துக் கும்மாளம் போட வேண்டியவள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே துல்லியோ ஏணியோடு அறைக்குள் வந்தான். அகதா வருவதற்குள் அந்த விளக்கைச் சரிபண்ண வேண்டுமாம். நான்கு வருடமாக மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு அது.

"ஊருக்கெல்லாம் விளக்கு போடறவன் நீ. நாலு வருஷமா என் கண்ணு அவிஞ்சுது, ஒரு நாள் ஏறிப் பாத்தியா?"

"நீ எப்பக் கேட்டே?"

"கேக்கலியா?"

"பெருமூச்சு விட்டே. பெருமூச்சுக்கெல்லாம் நான் ஏணி தூக்கிட்டு வரணுமா, தாயே?"

அவள் கையிலிருந்த துணியைப் பெட்டிக்குள் திணித்தாள். எரிச்சல் தணியவில்லை. அவளால் கேட்க முடியாததை வேறொருத்தி மூன்றே நிமிடத்தில் கேட்டு வாங்கிவிட்டாளே! அந்த வாய் ஏன் தனக்கு இல்லை? புதன்கிழமை ரயில் நிலையத்துக்கே போய் அகதாவைப் பிடித்தாள். அவள் வராமல் போனால் பெராரா வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"அதுங்க ரெண்டும் உருப்படாத ஜென்மம். இப்ப நடிக்குதுங்க. மூணே மாசம், நீ தனியா மாரடிப்பே. நல்லா யோசிச்சுக்கோ."

அகதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்கா. டிக்கெட் இல்லாம ஏறுற மூஞ்சிய நான் தினம் பாக்கறேன். கடைசி நேரத்துல கைவிட்டுடுவேன்னு பயப்படறீங்களா? நான் ஓட மாட்டேன், நீங்க நிம்மதியாக் கிளம்புங்க."

ஆறுதல் சொல்கிறாளாம். அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வக்கீல் வீட்டில் கையெழுத்து. ஒர்னெல்லா பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்தாள். ஐந்து அடித்தது, ஐந்தேகால் ஆனது. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கனைத்தார். வராமல் போனால் தன் கதி அதோகதி என்று பயந்தாள். அகதாவுக்காகவும் அவர்கள் வரவில்லை என்றால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஐந்தேகாலைத் தாண்டிச் சில நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அகதா முன்னால், பின்னால் தலை வாரிய துல்லியோவும் இஸ்திரி போட்ட சட்டையில் மார்த்தினாவும்.

வக்கீல் காகிதத்தை முழுக்க வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துல்லியோவையும் மார்த்தினாவையும் பார்த்தார்.

"முறைக்குக் கேக்கணும், கேக்கறேன். ஒர்னெல்லா இந்த வீட்டை விட்டுப் போறதுல உங்களுக்கு ஆட்சேபம்..."

ஒர்னெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். நீ போனால் வீடு வீடாக இருக்காது என்று சொல்ல வேண்டாம். கேலியாகவாவது ஏதாவது சொல்லட்டும், ஒரு வினாடி தயங்கட்டும், அது போதும் அவளுக்கு.

"இல்லை," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வக்கீல் இன்னும் கேள்வியை முடித்திருக்கவில்லை.

ஏழு வருடத்தில் அவர்கள் தாமதமில்லாமல் சொன்ன முதல் பதில் அது. ஒர்னெல்லா கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.