உப்புக் குறைந்த சஹனுக்காக நுரைச்சோலைக்கு ஒரு பயணம்

புத்தளம் கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்பிட்டியில் டொல்பின் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது என் மச்சானை ஒரு சஹனில் உட்காரவைக்க. போன செப்டம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டேன். அதற்கு முதல்நாள் என் அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா, தொலைபேசியில் அழுததுதான் காரணம்.

ராத்தாவும் அவருடைய கணவர் ஹனீபா மச்சானும் தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து வெளியேறிப் புத்தளத்துக்கு வந்தவர்கள். இப்போது நுரைச்சோலைப் பக்கத்தில் வீடு, கொஞ்சம் தோட்டம். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம் மச்சானின் வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறியது. அரை மணித்தியாலத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும், உயர் இரத்த அழுத்தம்தான் காரணம், கவனிக்காவிட்டால் அடுத்தது பெரிய வாதமாக வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கவும் சொன்னார்கள். குறைக்கச் சொன்னதை ராத்தா நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மச்சானுக்குத் தனிச்சட்டியில் ஒரு கல் உப்பும் இல்லாத சமையல். அதை அவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார்.

இந்த நிலையில், அவர்களுடைய மகள் சப்ரினாவைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சஹன் என்பது பெரிய தட்டு. அதில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் விருந்துகளின் வழக்கம். வீட்டுக்காரர் விருந்தாளியோடு அதே சஹனில் இருக்க வேண்டும். மச்சானோ, தனக்கு உள்ளேயே சாப்பாடு தந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

"பொண்ணுட வாப்பா உள்ளுக்கு இருந்து தனியத் திண்டா அவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் ராத்தா. "நீ வந்து கதை. உனக்கும் பிரஷர்தானே. நீ சொன்னாக் கேப்பார்."

மச்சான் யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. ஆனாலும் போனேன்.

காலை ஆறரைக்குப் புறக்கோட்டையில் புத்தளம் பஸ் ஏறினேன். சிலாபம் வரை சுமார் 80 கிலோமீற்றர், 270 ரூபா, இரண்டேமுக்கால் மணித்தியாலம். (கட்டணங்கள் நான் போனபோது இருந்தவை.) பயணத்தில் உடம்பைக் கெடுப்பது பஸ் நிற்கும் இடத்துக் கண்ணாடிப் பெட்டிதான். ரோல்ஸ், பெட்டிஸ், சீனி முட்டின தேத்தண்ணி என்று மூன்று நிறுத்தத்தில் மூன்று தடவை கை நீட்டினால் ஒரு நாள் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும். அதனால் வீட்டிலிருந்து இரண்டு அவித்த முட்டை, வாழைப்பழம், அவித்த கடலை கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்தவர் என் கடலையைப் பார்த்து, சுகமில்லையா என்று அனுதாபமாக விசாரித்தார். நம் ஊரில் கடலை தின்றால் நோயாளி, பெட்டிஸ் தின்றால் சுகதேகி.

சிலாபத்தில் இறங்கி மீன் சந்தையைச் சுற்றிவிட்டு, பதினொன்றரைக்கு ஒரு சோற்றுக்கடைக்குள் போனேன். இலங்கைச் சோற்றுக்கடையில் நல்ல சாப்பாடு கிடைக்காது என்பது பொய். பருப்பு, கீரைச் சுண்டல், போஞ்சி, மீன் எல்லாமே அங்கே இருக்கின்றன. பிரச்சினை அவை கோப்பையின், அதாவது தட்டின், ஓரத்தில் தொட்டுக்கொள்ள மட்டும் இருப்பதுதான். பாதிக் கோப்பை மரக்கறி, கால் கோப்பை சோறு, கால் கோப்பை மீனோ பருப்போ முட்டையோ என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. சிவப்புப் பச்சைஅரிசி கிடைத்தால் இன்னும் நல்லது.

"சோறு பாதி போடுங்க, மரக்கறி ரெண்டு மடங்கு போடுங்க," என்றேன்.

"சோறு குறைச்சாலும் விலை குறையாது ஐயா," என்றார் பரிமாறியவர்.

"பரவாயில்ல, சுண்டலைக் கூட்டுங்க." கூட்டினார். 350 ரூபா. வயிறும் நிறைந்தது, பஸ்ஸில் தூக்கமும் வரவில்லை.

சிலாபத்திலிருந்து பாலாவிச் சந்திக்கு 190 ரூபா, ஒன்றேகால் மணித்தியாலம். அங்கே கல்பிட்டி பஸ்ஸுக்கு மாற வேண்டும். பாலாவியில் வலது பக்க ஜன்னலோ இடது பக்க ஜன்னலோ, எதில் இருந்தாலும் உப்பு வாய்க்கால் என்கிற உப்பளங்களையும் வெள்ளைக் குவியல்களையும் பார்க்காமல் போக முடியாது. எனக்கு அன்றைக்கு அவற்றைப் பார்க்கவே கோபமாக வந்தது. நுரைச்சோலைப் பக்கம் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு முச்சக்கரவண்டி, 250 ரூபா.

மச்சான் மெலிந்து போயிருந்தார். முன்பெல்லாம் என்னைக் கண்டதும் கேலி பண்ணுகிறவர், அன்று ஸலாம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். இராச்சாப்பாட்டுக்கு நான் என் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தேன். அவருடைய கறியில் ஒரு வாய் எடுத்தேன். அது கறியே இல்லை, மஞ்சள் நிறத்தில் சுடுதண்ணீர்.  இதை ஆறு மாதம் தின்ற மனிதர் எப்படிச் சிரிப்பார்?

அப்போதுதான் அந்த வேலையைப் பார்த்தேன். மச்சான் கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். உள்ளே சாம்பல் வெள்ளையில் பெரிய பெரிய உப்புக் கல். நாலைந்து கல்லை எடுத்து நசுக்கி, சோறு முழுக்கத் தூவினார். நான் வாயைப் பிளந்தேன்.

"என்ன பாக்கிறீங்க? இது பெக்கட் உப்பு இல்ல," என்றார் மச்சான். "நம்மட வாய்க்கால் உப்பு. வெயில்ல காய்ஞ்சது. மெஷினுக்குப் போகாதது. இது ஒண்டும் செய்யாது. பிரஷர் வாறது அந்தத் தூள் உப்பால."

புத்தளத்துக்காரரால் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. கொழும்பில் இதே பிழையை இளஞ்சிவப்பு உப்பை விலைகொடுத்து வாங்கிச் செய்கிறார்கள். இங்கே வாய்க்காலில் வேலை செய்கிற கூட்டாளியிடம் போத்தலை நீட்டினால் போதும். வாய்க்காலோ பெக்கட்டோ மலையில் வெட்டியதோ, எல்லா உப்பும் பெரும்பாலும் ஒன்றுதான், இரத்த அழுத்தத்தைக் கூட்டுவதும் ஒன்றுதான். பெக்கட் உப்பில் அயடீனாவது சேர்த்திருப்பார்கள். ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக என்பதுதான் பெரியவர்களுக்கான அளவு. மச்சான் அந்த ஒரு நேரத்திலேயே அதைத் தொட்டிருப்பார். ராத்தாவின் உப்பில்லாத சட்டி அவரைக் காப்பாற்றவில்லை, போத்தலை நோக்கித் துரத்தியது.

நான் இதைச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது. "எல்லாரும் எனக்குச் சொல்லுங்க," என்றார். "புள்ளைட கலியாணத்தில என்னை மூலையில வச்சி ஊட்டுங்க. ருசி இல்லாமத் திண்டு நான் இருந்து என்ன?"

 மனிதருக்குக் கோபம் சாப்பாட்டின் மேல் இல்லை. ஒரே வீட்டில் தனியாக்கப்பட்டதன் மேல்தான். அவருக்குப் பத்தியம் தேவையில்லை, அந்த வீட்டுக்குத்தான் வேறு சமையல் தேவை என்று அந்த அறையில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை ராத்தாவிடம் சொன்னேன்: "ராத்தா, தனிச்சட்டி வேணாம். எல்லாருக்கும் ஒரே சட்டி. நீங்க வழமையாப் போடுற உப்பில பாதி."

"வாற ஆக்கள் துப்பிட்டுப் போவாங்க," என்றார் ராத்தா.

"இண்டைக்கு நாம திண்டு பாப்பம்."

நுரைச்சோலை மரக்கறிச் சந்தைக்கு மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன். இந்த மணலில் விளையாதது என்ன? பீட்ரூட், பூசணி, வெண்டி, பச்சைமிளகாய், வெங்காயம். மச்சானுக்கு அங்கே பாதிப்பேரைத் தெரியும்; பேரம் பேசத் தொடங்கியதும் பழைய மச்சான் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். பிறகு கரைக்குப் போய், உச்சமுனைப் பக்கமிருந்து வந்த பாரை மீன் வாங்கினோம். அன்று கருவாட்டுக் கடையைக் கடக்கும்போது அவர் நடை மெதுவாகியதை நான் கவனித்தேன். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் உப்புக் கொஞ்சம் குறையும், போகாது. எப்போதாவது ஒரு துண்டு என்று பேசி முடித்துக்கொண்டோம்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். உப்புக் குறைந்த இடத்தில் கொறுக்காப்புளி என்கிற குடம்புளி, எலுமிச்சம்புளி, மிளகு, உள்ளிப்பூண்டு, வறுத்த தேங்காய்ப்பூ எல்லாம் தாராளமாக. முதல் வாயில் எனக்கே ஏதோ குறைந்தது. ஐந்தாவது வாயில் மறந்துவிட்டது. நாக்கு முழுதாகப் பழகச் சில வாரம் எடுக்கும். படிப்படியாகக் குறைத்தால் நாக்குக்கே தெரியாது. சப்ரினா மட்டும், புளி கொஞ்சம் கூட என்றாள்.  மச்சான் போத்தலை எடுக்க எழும்பவில்லை.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளையின் வாப்பா காசிம் ஹாஜியாரும் அவரோடு மூன்று ஆண்களும் வந்தார்கள். பெண்கள் உள்ளே. சஹன் வந்தது: சிவப்பரிசியில் நெய்ச்சோறு, கோழி, பாரைக் கறி, கத்தரிக்காய் மோஜு, பீட்ரூட், வெண்டி, ஒரு பெரிய கோப்பை சலாது. மச்சான் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். ஹாஜியார் திரும்பிப் பார்த்து, "நீங்க வராம நாங்க கைவைக்கிறல்ல," என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

சஹனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விருந்தாளி கையெடுக்கும்வரை வீட்டுக்காரர் கையெடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் வேறு, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். அதனால் மச்சானுக்கு முன்னமே சொல்லியிருந்தேன்: முதலில் மரக்கறி, பிறகு மீன், சோற்றில் விரல் மெதுவாக அசைந்தால் போதும். வந்த இறைச்சியை மறுபடி ஹாஜியார் பக்கம் தள்ளிவிட்டால் அது மரியாதையாகவே போய்ச் சேரும்.

ஹாஜியார் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் நிறுத்தினார். "உப்புக் குறைவா இருக்கே," என்றார்.

உள்ளே பெண்களின் பேச்சும் நின்றது. ராத்தா கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் ஏதோ சமாளிக்க வாயெடுத்தேன், மச்சான் முந்திக்கொண்டார்.

"ஓம் ஹாஜியார். எனக்குப் பிரஷர். ஒருக்கா வாயும் கோணினது. இந்த வீட்டில இப்ப எல்லாருக்கும் இந்த உப்புத்தான்."

பெண் கேட்டு வந்த இடத்தில் பெண்ணின் வாப்பா தன் நோயைத் தானே சொல்வது நம்மில் நடக்காத காரியம். 

 ஹாஜியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கும் நாலு வருஷமா இருக்கு. விருந்துக்குப் போற இடத்தில சொல்லேலாது. திண்டுட்டு வந்து ராவு முழுக்கப் பயத்தில கிடப்பன்." அவர் வெண்டிக்காயை இழுத்துக்கொண்டார். "கலியாணத்தண்டும் இந்த உப்பே இருக்கட்டும். எங்கட பக்கத்தால கேக்கிறது அது ஒண்டுதான்."

மச்சான் சிரித்தார். ஒரு பெரிய பாரைத் துண்டை முள் நீக்கி ஹாஜியார் பக்கம் தள்ளினார். இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தபோது இருவரும் ஒரு துண்டைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பாதித் துண்டைப் பார்த்து என் கண் கலங்கியது, அதை மறைக்க நான் தண்ணீர் குடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பாலாவி வழியான கல்பிட்டி பஸ் பகலில் அடிக்கடி உண்டு. நுரைச்சோலையில் இறங்கினால் காலையிலேயே சந்தைக்குப் போய்விடுங்கள், மரக்கறி அப்போதுதான் பார்க்க அழகு. வெயில் கடுமை, தண்ணீர்ப் போத்தல் அவசியம். சோடாவுக்குப் பதில் இளநீர் குடியுங்கள். வீட்டில் யாருக்காவது பிரஷர் என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உப்பு என்று விற்பதை வாங்குமுன், சிறுநீரகத்தில் கோளாறு உண்டா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஒரே விஷயம்: நோயாளிக்கென்று தனியாகச் சமைக்காதீர்கள். குறைந்த உப்பும் கூடின மரக்கறியும் அவருக்கு மருந்து என்றால், மற்றவர்களுக்கு அது காப்பு.

கலியாணம் டிசம்பரில். போன கிழமை ராத்தா தொலைபேசி எடுத்தார். கிளினிக்கில் மச்சானின் பிரஷர் இறங்கியிருக்கிறதாம், மாத்திரை அப்படியே தொடர்கிறது. கல் உப்புப் போத்தல் குசினியில் மீன் கழுவுகிற இடத்தில் இருக்கிறது.

"அந்தத் தனிச்சட்டி?" என்று கேட்டேன்.

"அதுலதான் இப்ப உன்ட மச்சான் கோழிக்குத் தவிடு குழைக்கிறார்," என்றார் ராத்தா.