சிவப்பாக வந்த ஆறு கணினிகள்

நேற்று மாலை தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: 'நமது நூலகப் பணியாளர் ஷமீமா காலமானார்.' கீழே கைகூப்பிய படங்கள் வரிசைகட்டின. ஷமீமா அக்கா நூலகத்தில் இருந்தது கடைசி இரண்டு ஆண்டுகள்தான். அதற்கு முன்பெல்லாம் அவர் கணினி ஆய்வக உதவியாளர். என் சக ஊழியர். ஏன் மாற்றப்பட்டார் என்பது குழுவில் பலருக்குத் தெரியும். எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு செய்முறைத் தேர்வில், திருமுடிவாக்கத்து லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் சரியாக நிரல் எழுதியும் தோற்றாள். அதை இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டிய கம்பைலர் அந்தக் கணினியில் அரைகுறையாக நிறுவப்பட்டிருந்தது. பதிப்பு எண்ணைக் கேட்டால் மட்டும் சொல்லும். அதைப் பார்த்து 'சரி' என்று குறித்தவன் நான். அக்கா திட்டவில்லை.

"பேரு கேட்டா எல்லாம் சொல்லும்பா. வேலை குடுத்துப் பாத்தியா?"

பிறகு அவரே ஒரு சோதனை நிரல் எழுதினார். அதற்காகப் பல்லாவரத்தில் ரயில் ஏறியதும் நோட்டைப் பிரித்துவிடுவார். அவருடைய நிரல் கம்பைலரிடம் ஒரு சிறு கணக்கைக் கொடுத்து விடையைச் சரிபார்க்கும். அடுத்து, வேண்டுமென்றே பிழையுள்ள ஒன்றைக் கொடுக்கும்.

"இது எதுக்குக்கா?"

"தப்பைத் தப்புன்னு சொல்லாம வாயை மூடிக்கினு இருந்தா, அதுவும் ரிப்பேர்தான்."

தேறிய கணினி பச்சை, தேறாதது சிவப்பு.

அடுத்த தேர்வு நாள் காலையில் ஆறு கணினிகள் சிவப்பாக வந்தன. "எக்ஸ்டர்னல் வர்றதுக்குள்ள எல்லாம் பச்சையா இருக்கணும்" என்றார் துறைத்தலைவர். வாசலில் வரவேற்பு வளைவு கட்டத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கம்பைலரைச் சரிசெய்ய நேரமில்லை. நான் ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஊழியன். அக்காவின் சோதனை நிரலில் சில வரிகளை அழித்தேன். எல்லாம் பச்சையானது.

அக்கா திரையைப் பார்த்தார். "இன்னாப்பா, பத்து நிமிஷத்துல எல்லாத்துக்கும் குணமாயிடுச்சா?"

"மேலேர்ந்து சொன்னாங்கக்கா."

"சொன்ன வாய் அவரோடது. அழிச்ச விரல் யாரோடது?"

நேராகப் போய் எக்ஸ்டர்னலாக வந்த வெளித் தேர்வாளரிடம் சொன்னார். ஆறு மாணவர்கள் வேறு கணினிகளில் தேர்வெழுதித் தேறினார்கள். அடுத்த வாரமே நிர்வாகம் ஒரு தாள் தயாரித்தது: கணினிகளில் குறை இல்லை, ஷமீமாவின் நிரல்தான் தவறு. அதில் நானும் கையெழுத்திட்டேன். அக்கா நூலகத்துக்குப் போனார்.

அதன்பின் கல்லூரி உணவகத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்பார். தலையாட்டிவிட்டு வேகமாக நடந்துவிடுவேன். மன்னிப்புக் கேட்க இரண்டு ஆண்டுகள் இருந்தன. கேட்கவில்லை.

அந்த வரிகளை அழிப்பதற்கு முன் எடுத்த நிரலின் நகல் என்னிடம் இருந்தது. இன்று காலை அதை ஆய்வகத்தில் ஓட்டினேன். நான்கு சிவப்பு. முடிவை அறிக்கையாக எழுதி, சோதனை நிரலை எழுதியவர் என்று அக்காவின் பெயரைப் போட்டேன். அன்றைய தாளில் நான் இட்ட கையெழுத்து பொய் என்றும் எழுதி, துறைத்தலைவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒப்பந்தம் இனி என்னவாகும் என்று தெரியும். இந்த அறிக்கையை அக்கா பார்க்க மாட்டார் என்பதும் தெரியும்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நகலும், நான் நின்று பதில் சொல்லாத "சாப்டியாப்பா?"வும்தான்.