கூட வந்தவர் கையில் கட்டிய பட்டை

போடியில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரி சிறியது. சாயங்காலம் ஏலத்தோட்ட ஜீப்புகள் மலையிறங்கியதும் ஓபியில் நிற்கக்கூட இடம் இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம் ஜீப் டிரைவர் தங்கராசு தன் மனைவி பாண்டியம்மாளைத் தூக்காத குறையாகக் கூட்டிவந்தார். ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில் துருப்பிடித்த தகரம் அவள் பாதத்தைக் கிழித்திருந்தது.

காயம் பெரிதில்லை. ஆனால் பாண்டியம்மாளுக்குக் காயத்தைவிட என்னைக் கண்டுதான் பயம். ஊசி என்ற பேச்சை எடுத்ததுமே முகம் வெளுத்துவிட்டது. சரி, முதலில் பிபி பார்ப்போம் என்றால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சிஸ்டர். அது நரம்ப நெரிக்குமாம்ல."

இந்த மாதிரி ஆட்களுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கூட வந்தவர் கையில் முதலில் பிபி பட்டையைக் கட்டிக் காட்டிவிடுவேன். புருஷன் கையில் கட்டினால் பெண்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். சிலருக்குச் சிரிப்பே வந்துவிடும்.

"அண்ணே, நீங்க கைய நீட்டுங்க. இவுக பாக்கட்டும்."

தங்கராசு சட்டைக் கையை மடக்கிவிட்டு, "நல்லாப் பாத்துக்க புள்ள, ஒண்ணும் செய்யாது" என்று வீறாப்பாக நீட்டினார்.

பட்டையைக் கட்டிக் காற்றடித்து, அதை இறக்கிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டேன். பாதரசம் அவ்வளவு உயரத்தில் நிற்கும்போது கேட்கக் கூடாத நாடிச் சத்தம் கேட்டது. மெஷின் கோளாறு என்று நினைத்து வேறு மெஷின் எடுத்தேன். அடுத்த கையிலும் பார்த்தேன். இருநூறைத் தாண்டித்தான் நின்றது. என் முகம் மாறியதைப் பாண்டியம்மாள் பார்த்துவிட்டாள்.

டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் ஒரு முறை பார்த்துவிட்டு, "தலைவலி, கிறுகிறுப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு தும்மல்கூடக் கெடையாது சார். இப்பக்கூட போடிமெட்டு வளைவெல்லாம் ஓட்டிட்டுத்தான் வர்றேன்."

"எனக்குப் பயமே அதுதான். இந்த பிரஷர்ல, வளைவுல வச்சு ஒரு பக்கம் கைகால் வராமப் போச்சுன்னா வண்டி எங்க போகும்? ஈசிஜி, ரத்தம் எல்லாம் பாக்கணும். மாத்திரை தர்றேன். நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது."

தங்கராசு எழுந்துவிட்டார். "நல்லா இருக்கு சார்! இவ காலுக்கு மருந்து கேட்டு வந்தா, எம் பொழப்புல கைய வைக்கிறீக. விடிஞ்சா பொம்பளையாளுக வண்டிக்குக் காத்துக் கெடப்பாக. எனக்கு நோயுமில்ல, மாத்திரையும் வேணாம்."

சொல்லிவிட்டு வாசல்வரை போய்விட்டார். எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அன்றைக்கு அதட்டுவதா கெஞ்சுவதா என்றே எனக்கு ஓடவில்லை.

"சிஸ்டர், அந்த ஊசியப் போடுங்க."

பாண்டியம்மாள்தான். கையை அவளாகவே நீட்டியிருந்தாள். டிடி ஊசியைப் போட்டேன். கண்ணை இறுக மூடியிருந்தவள் ஒரு சத்தம் போடவில்லை. பிறகு கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள்.

"நான் போட்டுக்கிட்டேன்ல? இப்ப நீங்க வந்து உக்காருங்க. நீங்க இல்லாம நான் மட்டும் நடந்து எங்க போக?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்ட, வண்டிச் சாவியை அதில் வைத்தார்.

அதன்பிறகு அவள் தம்பி ஜீப்பை ஓட்டினான். சாயங்காலமானால் சாவி அவள் கைக்கு வந்துவிடும். காயம் ஆறிய பிறகும் ஒவ்வொரு செக்கப்புக்கும் அவளே அவரைக் கூட்டிவந்தாள். பிரஷர் லேசில் மசியவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். சில வாரம் கழித்து ஒருவழியாக அளவுக்குள் வந்து நின்றது. மாத்திரையை விடாமல் போட்டால் வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர்.

தங்கராசு கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க சிஸ்டர்."

பார்த்தேன். அதே அளவுதான். சாவியை அவர் கையில் வைத்தவள், அப்படியே என் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள்.

"தெனமும் இவுக தூங்குனதும் மூக்குல வெரல வச்சு, மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் படுப்பேன் சிஸ்டர்."

தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். "நான் ஒருநாளும் தூங்கல புள்ள" என்றார். "கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். நீ வெரல எடுக்குற வரைக்கும் மூச்ச நல்லா இழுத்து இழுத்து விடுவேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இன்று நான் சொல்லித்தருவது இதைத்தான்: கட்டிலில் இருப்பவரைப் பார்த்து முடித்ததும், பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரையும் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.