நாற்பத்து மூன்று சம்மதங்கள்

நெதர்லாந்தில் 'வேண்டாம்' என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் உளுந்து வடையை நீட்டினேன். "நே, எனக்குப் பிடிக்காது" என்று சிரித்தபடியே கதவைச் சாத்திவிட்டார். இங்கே நான் வாங்கிய 'நே'க்களை எண்ணத் தொடங்கி, இருநூற்றுக்கு மேல் விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் இலங்கை மலையகத்தில் ஒரே ஒரு 'வேண்டாம்' வாங்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

புதிய தொழில்நுட்பங்களை அரசு அனுமதிக்குமுன், அவற்றோடு வாழப்போகிறவர்களைக் கேட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். இம்முறை, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் கையில் கட்டி வேகத்தை அளக்கும் பட்டி. சக ஆய்வாளர் அன்னெலீஸுடன், டயகமப் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்கே போனேன். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களம். தோட்டத்தை நடத்தும் தொரையும் ஓரமாக நின்றார். சம்மதிப்பவர்கள் வலப்பக்கம் வரலாம் என்றேன். நாற்பத்து மூன்று பெண்களும் வந்துவிட்டார்கள். நான்கு தடவை எண்ணினேன். இடப்பக்கம் ஒரு நாய் மட்டும் நின்றது.

"ஒருவர்கூட மறுக்கவில்லை!" என்று அன்னெலீஸ் மகிழ்ந்தாள்.

"பெரட்டில் தனியே நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? என் அம்மா ஒருமுறை நின்றாள். எட்டு நாள் அவள் பெயரைக் கூப்பிடவில்லை."

"ஆனால் நாம் வேலை கொடுப்பவர்கள் இல்லையே?"

அவளுக்குப் புரியவில்லை. இந்தக் கணக்கு அறிக்கையில் ஏறினால், பட்டி அந்தக் கைகளில் ஏறிவிடும். அறிக்கை அனுப்ப இரண்டே நாள்தான் இருந்தது.

மாலையில் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு, ஆண் வருவது தெரியட்டும் என்று மூன்று தடவை இருமிவிட்டுப் போனேன்.

"என்னா மாமா, வெள்ளக்கார நாட்டுல தண்ணி வரலையா?" என்றாள் தெய்வானை. காலையில் முதலில் வலப்பக்கம் வந்தவள் அவள்தான்.

"காலையில எல்லாரும் சரின்னீங்களே?"

"தொரை நின்னாருல்ல. அங்க வச்சு, ஒங்கள கடல்ல தூக்கிப் போடவான்னு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவோம்." சிரிப்பு அடங்கியதும் குடத்தை இறக்கினாள். "கொழுந்து இல்லாத மலையில கை மெதுவாத்தான் போகும். மலையில கொழுந்து இல்லன்னு அந்தப் பட்டி சொல்லுமா? இவ சோம்பேறின்னுதானே சொல்லும்?"

"அப்ப, வேணாங்கிறவங்க கையத் தூக்குங்க."

"பேர எழுதுவீங்களா?"

"எண்ணிக்கை மட்டுந்தான்."

"எண்ணுறத மட்டும் நல்லா படிச்சிட்டு வந்திருக்கீங்க!"

கைகள் உயர்ந்தன. நான் எண்ணினால் முப்பத்தெட்டு. அன்னெலீஸ் எண்ணினால் முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினோம், அதே வித்தியாசம். அவள் மெல்ல என் தோளுக்கு மேலே சுட்டிக்காட்டினாள். என் இடக்கையும் உயர்ந்திருந்தது.

விதிப்படி ஆய்வாளரின் கையைக் கழித்துவிட வேண்டும். அதை இறக்காமலே, வலக்கையால் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.