அரைக் கிலோவுக்கு மூன்று செபமாலை

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பெற்றீசியா முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தாள். ஒருநாளாவது, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தியதில்லை. கடிகாரமெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பது அவள் கட்சி. அடுப்படியிலும் அப்படித்தான். மாட்டிறைச்சியை முழுத்துண்டாக மிளகும் வினாகிரியும் போட்டு வேகவைக்க அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. அரைக் கிலோவுக்கு மூன்று செபமாலை. செபத்தில் ஒரு பாதியை அவள் சொல்ல, மறுபாதியைப் புருஷன் கஸ்பர் சொல்வார். மூன்றாவது முடியும்போது இறைச்சி பூவாக வெந்திருக்கும்.

கஸ்பர் போன ஜூலையில் காலமானார். ஒக்டோபரில் மகள் டிலுக்ஷி கொழும்பிலிருந்து வந்தபோது, அதே கணக்கில் வைத்த இறைச்சியை வெட்டினால் நடுவில் இரத்தம். டிலுக்ஷி தட்டை மெதுவாக ஒதுக்கி வைத்தாள்.

"ஒங்களுக்கு ஞாபகம் பிசகுதும்மா. தனியா விட எனக்குப் பயமா இருக்கு. கிறிஸ்மஸ்ஸுக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்."

பெற்றீசியாவுக்குக் கொழும்பு வேண்டாம். கஸ்பரின் கல்லறை இங்கே கோயிலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைவிட, மகள் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயந்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத வீட்டில் ஞாபகம் தப்பினால் யாருக்குத் தெரியும்?

டிசம்பரில் அரைக் கிலோ வாங்கி ஒரு சாயங்காலம் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வேகவில்லை. கடைக்காரனைத் திட்டினாள், ஈர விறகைத் திட்டினாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணுவிடம் ருசி பார்க்கக் கொடுக்கவும் வழியில்லை, அவள் மாட்டிறைச்சி தொடமாட்டாள். ஆனால் வரிசை வீடுகளான லயத்தில் சுவருக்குக் காது உண்டு. மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாக்கண்ணுதான் சொன்னாள்.

"மாமா இருந்தப்ப நீங்க செபம் முடிக்கிறதுக்குள்ள நான் டீவியில ரெண்டு நாடகம் பாத்துருவேன்க்கா. இப்ப ஒன்னு முடியிறதுக்குள்ள நீங்க முடிச்சிடுறீங்களே."

பெற்றீசியா குடத்தை அப்படியே வைத்துவிட்டாள். கஸ்பர் செபத்தை இழுப்பதில் மன்னன். நடுவில் இருமுவார், தூங்கி விழுவார், அவள் விலாவில் இடிப்பாள். சாமியார்கூட இவ்வளவு இழுக்க மாட்டார் என்று நாற்பது வருஷம் ஏசியிருக்கிறாள். அவர் போனபிறகு அவர் பாதியையும் தானே கடகடவென்று சொல்லி முடித்திருக்கிறாள். பிசகியது ஞாபகம் அல்ல, வேகம்தான்.

கிறிஸ்மஸ் அன்று தன் பாதியைத் தன் வேகத்திலும், அவர் பாதியை அவர் வேகத்திலும் சொன்னாள். அவர் இருமும் இடத்தில் நிறுத்தினாள். இரண்டாவது செபமாலையில் அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

இறைச்சி பூவாக வெந்திருந்தது. டிலுக்ஷி இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டு, எப்படி நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"ஒங்கப்பா சொல்றதையும் நானே சொன்னேன். அவரு மாதிரியே மெதுவா."

டிலுக்ஷி இன்னொரு துண்டை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள். அம்மாவின் துணிமணிக்கென்று கொண்டுவந்த பையைக் காலியாகவே எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினாள்.

பெற்றீசியா ஜெயித்துவிட்டாள். அன்று சாயங்காலம் அடுப்பில் ஒன்றும் இல்லை. செபமாலையை எடுத்துத் தன் பாதியைச் சொல்லிவிட்டு, அவர் பாதிக்காகக் கொஞ்சநேரம் காத்திருந்தாள்.