ராசிபுரம் பக்கத்துப் பாறைக்குழியும் தலைகீழ்க் கூடையும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டேன், நினைவிருக்கும். கல்குவாரிக் குழியில் பிடித்த ஜிலேபி மீன் இரண்டைத் தண்ணீரில் திரும்ப விடுகிற படம். கீழே பெருமையாக நாலு வரி வேறு. மறுநாள் காலை குழிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி அக்கா போன் செய்தார். "ஏனுங்க, நீங்க உட்ட மீனு ரெண்டும் வயிறு வீங்கி மெதக்குதுங்க. இனிமே இங்க வராதீங்க."

அந்தக் குழியில் மீன் குஞ்சு விட்டவர் அவர். தினமும் சோளக்குருணை போடுகிறார், ஒன்றைக்கூடக் குழம்பு வைத்ததில்லை. உயிரோடு விடுவதாக இருந்தால்தான் தூண்டில் என்பது அவருடைய கண்டிஷன். ஒரு மாதம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவை அனுமதி வாங்கினேன். இதிலும் மீன் செத்தால் அந்தக் குழியை நான் மறந்துவிட வேண்டியதுதான்.

ஞாயிறு காலை 5.40க்குச் சேலத்தில் பைக்கை எடுத்தோம். பின்னால் செந்தில், போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வேலை பார்ப்பவன். மல்லூரில் டீ. ராசிபுரம் 27 கிலோமீட்டர், அங்கிருந்து கிளைச்சாலையில் 7. பெட்ரோல் 150 ரூபாய். தக்காளி அடுக்கும் பழைய பிளாஸ்டிக் கூடை (கிரேட்) 120, அறுபதடி நைலான் கயிறு 90.

8.15க்கு நாற்பதடி ஆழத்தில் ஒரு பெரிய ஜிலேபி கவ்வியது. மேலே இழுத்துப் பார்த்தேன். மீனின் வயிறு பந்து, கண் பிதுங்கல், வாயில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. தண்ணீரில் விட்டால் கவிழ்ந்து மிதந்தது.

செந்தில் பையிலிருந்து கோணி ஊசியை எடுத்தான். "மாப்ள, நாக்குக்கிட்ட ஒரு குத்து. காத்து போயிரும்."

"அடப்பாவி, அது நாக்கில்லடா, இரைப்பை!" என்று கத்தினேன். போன மாதம் நானும் அங்கேதான் குத்தியிருந்தேன், வெட்கக்கேடு. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: வீங்குவது உள்ளே இருக்கும் காற்றுப்பை. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அதை அடக்கி வைக்கிறது. மேலே இழுத்தால் ஊதிவிடுகிறது. திரும்ப ஆழத்துக்குப் போனால் தானாகச் சுருங்கும். மீனால் நீந்திப் போக முடியாது, நாம்தான் இறக்கிவிட வேண்டும்.

கிரேட்டைக் கவிழ்த்து, விளிம்பில் கல் கட்டி, மீனை அடியில் விட்டுக் கயிற்றில் இறக்கினேன். மிதக்கிற மீன் கூடைக்குள்ளேயே முட்டிக்கொண்டு இறங்கும்; ஆழத்தில் வீக்கம் வடிந்ததும் திறந்த அடிவழியாகப் போய்விடும். கல் ஒரு பக்கம் கனத்தது. கூடை சாய்ந்தது, மீன் நழுவி மேலே வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுடா" என்றான் செந்தில். போர்வெல் குழிக்குள் கயிறு விட்டே பழகிய கை. நாலு மூலைக்கும் நாலு கல், மேலே நடுவில் ஒரே முடிச்சு. கைவலையில் மீனை அள்ளித் திரும்ப அடியில் விட்டான். கயிற்றில் பத்தடிக்கொரு சிவப்பு நூல் கட்டியிருந்தோம். நாலாவது நூலில் நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்து இழுத்தான். கூடை காலி!

நான் துள்ளினேன். அக்கா அசையவில்லை. "கூடை காலியா வந்தா மீனு பொழைச்சிருச்சுங்களா? நாளைக்குக் காலைல பாத்துட்டுச் சொல்றனுங்க."

அதற்குமேல் தூண்டில் போட மனமில்லை. நாலு மணிவரை குழியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மிதந்த காய்ந்த மட்டையெல்லாம் மீனாகத் தெரிந்தது.

இப்போது திங்கள் காலை 6.50. போன் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். போகிறவர்கள் கவனிக்க: கையை நனைத்துவிட்டு மீனைத் தொடுங்கள். படம் எடுக்கிறேன் என்று வெளியே வைத்திருக்காதீர்கள். ஊசி வேண்டவே வேண்டாம். கூடையை வீட்டிலேயே கட்டி, வாளியில் இறக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். என்னைப்போல் அங்கே போய் முழிக்காதீர்கள்.

7.10. போன் அடித்தது. அக்காவேதான்.

"ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டனுங்க. எங்கயும் மெதக்கக் காணலீங்க."

வீடே அதிரக் கத்திவிட்டேன். அவர் காத்திருந்து கேட்டார்: "சந்தோசமுங்க. கரையோரம் அத்தன மீனு மேயுதே சாமி, அடியில கெடக்கறத எதுக்குங்க மேல இழுக்கோணும்?"

பெரிய மீன் ஆசை என்று எப்படிச் சொல்வது? "அடுத்த வாரம் கரையோரமே போடறேங்க்கா" என்றேன்.

"அப்ப வாங்க."