கண்ணாடியில் இரண்டு பொட்டுகள்

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மின்விசிறி நின்றிருந்தது, கூரை சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று தொடங்கிய சந்தேகம் என்னை இன்னும் முழுதாக விட்டுப் போகவில்லை. தலைசுற்றலோடு இதை வாசிப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்த நோயில் தலை மட்டும் சுற்றாது, நம்பிக்கையும் சேர்ந்து சுற்றும்.

நான் மன்னார்குடியில் பெண்கள் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியை. ஊரிலிருந்து பள்ளிக்கு வாய்க்கால் கரைச் சாலையில் காரில் போய்வந்தேன். மேல்கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, பந்தயத்துக்கென்று செய்த வண்டி. மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. அப்பா போனபின் அதை ஓட்டத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

அண்ணனுக்குப் பிடிக்காதவை அந்த வருஷங்களில் நிறைய இருந்தன. புது ஆட்சி நில உச்சவரம்பைக் குறைத்திருந்தது. எல்லா மிராசுதார்களையும் போல அண்ணனும் நிலத்தைப் பிரித்து ஆளுக்கொரு பேரில் எழுதினார். ஆற்றோரத்து நல்ல நஞ்சை என் பேருக்கு வந்தது. பேர் என்னுடையது, நெல் அவருடையது என்பது வீட்டு ஏற்பாடு. அதன்பிறகு அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டதாக எனக்குப் பட்டது.

விபத்து ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது. மதகுக்கு அருகே சாலை வலப்பக்கம் வளையும். தினமும் திரும்பும் வளைவு, தினமும் போகும் வேகம். வண்டி திரும்ப மறுத்து நேரே போய்ப் புங்கமரத்தில் இடித்தது. அவ்வளவுதான் நினைவு. அதன்பின் கூரைதான்.

"எடது பக்கம் லாபிரிந்த்ல அடி" என்றார் டாக்டர். (லாபிரிந்த்: உள்காதில் உடம்பின் சமநிலையைக் காக்கும் பகுதி.) என் கண்ணை இழுத்துப் பார்த்து நிஸ்டாக்மஸ் இருக்கிறது என்றார். (நிஸ்டாக்மஸ்: கருவிழி தானாக ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுப்பது.) ஒரு காது திரும்புகிறோம் என்கிறது, இன்னொரு காது இல்லை என்கிறது, மூளை யாரை நம்புவதென்று தெரியாமல் திண்டாடுகிறது. இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்கிற டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் தினமும் வந்தார். வளைவில் சங்கத்து ஆட்கள் வைக்கோலைப் பரப்பி வைத்திருந்தார்கள் என்றார். எங்கள் அரிசி ஆலையில் அப்போது கூலித் தகராறு. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, நெல் காயவைக்கும் சிமென்ட் களத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தை நடத்திய பக்கிரிசாமியை என் விபத்துக்காகப் போலீஸ் பிடித்துப் போய்விட்டது.

"நீயும் வேகமாத்தான் வந்துருக்கே. ரெண்டும் சேந்துபோச்சு" என்றார் அண்ணன்.

"வைக்கோல் பாத்த மாதிரி ஞாபகம் இல்லியே அண்ணா. என்னமோ சத்தம் கேட்டுது. மழை பேஞ்ச மாதிரி."

"வெயில் கொளுத்துச்சு அன்னிக்கு. தலையில அடிபட்டா அப்படித்தான் இருக்கும்மா. கண்டதையும் நெனச்சுக்காதே."

டாக்டரும் அதையே சொன்னார். தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவு விட்டுப்போகும், சிலபோது இல்லாதது இருந்ததாகவும் தோன்றுமாம். அப்போது எனக்கு ஏற்பட்ட பயத்தை எப்படிச் சொல்வது? தரை ஆடினால் சுவரைப் பிடிக்கலாம். நினைவு ஆடினால் எதைப் பிடிப்பது?

வீட்டுக்கு வந்தபின் அண்ணி கொடுத்த பாலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன். அண்ணி அதைக் கவனித்தாள். ஆலைப் பக்கமிருந்து காற்று வந்தால் குமட்டியது. இந்த நோயில் குமட்டல் சகஜம் என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாத்திரை சுற்றலை அடக்கியது, போக்கவில்லை. அதன்பிறகு டாக்டர் சொன்ன வைத்தியம் விசித்திரமாக இருந்தது. தலையை வேண்டுமென்றே ஆட்டி, வேண்டுமென்றே சுற்றலை வரவழைக்க வேண்டும். "சுத்தட்டும்மா. சுத்துனாத்தான் மூளை கத்துக்கும். எவ்வளவு தாங்குதோ அவ்வளவு போங்க, அதுக்கு மேல வேணாம்" என்றார். நோயை வளர்க்கும் வைத்தியம் என்று வைதுகொண்டே செய்தேன். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டினேன், வாந்தியெடுத்தேன், மறுபடி ஆட்டினேன். அறுவடை முடிந்து வயல்கள் வெடித்துக் கிடந்த சமயத்தில் ஒருவர் துணையும் இல்லாமல் வரப்பில் நடந்தேன். அழுதுவிட்டேன்.

பஸ் மட்டும் ஆகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் உயிர் போய்வந்தது. காரை நானே ஓட்டினால் என்னவென்று கேட்டேன். திருப்பப் போவது உங்கள் கை என்பதால் மூளைக்கு முன்கூட்டியே தெரியும், சுற்றல் குறையும் என்றார் டாக்டர். ஆனால் முதலில் ஆளும் மரமும் இல்லாத பரந்த இடத்தில் பழகிப் பார்க்கச் சொன்னார். அப்படிப்பட்ட இடம் எங்கள் ஆலைக் களம்தான்.

ஆலையில் அதற்குள் சமரசம் ஆகியிருந்தது. ஜாமீனில் வந்த பக்கிரிசாமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, வழக்கு மட்டும் போகவில்லை. விடுமுறை நாளில் கதவைத் திறக்க வந்தவர் அவர்தான். பட்டறையில் சீராகி வந்த காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்குங்க இங்க வந்து சுத்துறீங்க? இன்னொரு கேசு போடவா?"

"ஓட்டிப் பாக்கத்தான் வந்தேன். நீங்க தள்ளி நில்லுங்க."

"தள்ளித்தான் நிக்கிறேன். நீங்களும் பாத்துக்கங்க, நான் தள்ளித்தான் நிக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னார். அவருக்கும் என்மேல் சந்தேகம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மெதுவாக வலப்பக்கம் வட்டமடித்தேன். கார் வழுக்குவது போல இருந்தது. நிறுத்திப் பார்த்தால் சக்கரத்தின் தடம் சீராக இருந்தது. வழுக்கியது நானா, காரா? இதைப் பிரித்தறியாமல் ஓட்டக்கூடாது என்று முடிவு செய்தேன். பீரோச் சாவியை நூலில் கட்டி முன்கண்ணாடியின் நடுவில் தொங்கவிட்டேன். வண்டி திரும்பும்போது சாவி வெளிப்பக்கம் சாயும், வேகம் கூடினால் இன்னும் சாயும். சாவிக்கு உள்காது இல்லை. வட்டம் சிறிதானாலும் சாலை வளைவு பெரிதானாலும் அதன் சாய்வுதான் கணக்கு.

வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் டயர்கள் கீச்சிட்டு, முன்பக்கம் வட்டத்தை விட்டு விலகியது. அப்போது சாவி நின்ற இடத்தில் சாந்தால் பெரிய பொட்டு வைத்தேன். அதில் பாதி தூரத்தில் சின்னப் பொட்டு. பெரிய பொட்டு காரின் எல்லை, சின்னப் பொட்டு என்னுடையது. சாலையில் சின்னப் பொட்டைச் சாவி தாண்டக்கூடாது. டாக்டர் சொன்ன அதே வைத்தியத்தைக் காருக்கும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சுற்றில் வட்டம் கொஞ்சம் அகன்றுவிட்டது. களத்து ஓரத்தில் காயப் போட்டிருந்த அவித்த நெல்லின்மேல் சக்கரங்கள் ஏறின. சாவி சின்னப் பொட்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் கார் நழுவியது. மட்கார்டுக்கு அடியில் நெல்மணிகள் சடசடவென்று தெறித்தன, மழை போல. புழுங்கிய ஈர வாசனை முகத்தில் அடித்தது.

காரை நிறுத்தி, கதவைத் திறந்து வாந்தியெடுத்தேன். ஆனால் தலை சுற்றவில்லை. சாவி நேராகத் தொங்கியது, களம் அதனதன் இடத்தில் இருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அந்த வாசனை எனக்குத் தெரியும். காயாத அவித்த நெல் எங்கள் ஆலையைத் தவிர அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எவரிடமும் இல்லை.

பக்கிரிசாமி தண்ணீர் கொண்டுவந்தார். "நீங்க களத்துல உக்காந்தப்ப, அவிச்ச நெல்லு என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"வெளியாள வெச்சு லாரியில ஏத்துனாங்க. எங்க கொட்டுனாங்கன்னு நான் பாக்கலீங்க. பாக்காதத சொல்லமாட்டேன்."

திரும்பும் வழியில் மதகு வளைவை எனது பழைய வேகத்திலேயே எடுத்தேன். சாலை வெறுமையாக இருந்தது. சாவி சாய்ந்து, சின்னப் பொட்டை ஒட்டி நின்று, திரும்பி வந்தது. அதைத் தாண்டவில்லை. இத்தனை மாதமும் வேகமாக வந்தவள் என்று கேட்டுக் கேட்டு, அதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "அது வைக்கோல் இல்ல அண்ணா. அவிச்ச நெல்லு. நம்ம நெல்லு."

"தலையில அடிபட்டவ பேச்ச எவன் நம்புவான்?"

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "போதுங்க. அந்த நெல்லக் கூட்டி அள்ளிட்டு வைக்கோலப் போடச் சொன்னது நீங்கதானே? நான் குடுக்குற பால அவ மோந்து மோந்து குடிக்கிறத எத்தன நாளைக்கு நான் பாக்குறது?"

அண்ணன் நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார். "காயலன்னா அம்புட்டும் புளிச்சுப் போயிருக்கும். ரோட்டுல கொட்டச் சொன்னேன். நீ சாயங்காலந்தானே வருவேன்னு... அன்னிக்குச் சனிக்கிழமை, அரை நாள்ங்கறது மறந்துபோச்சு."

மறந்தாரா? எல்லாச் சனிக்கிழமையும் மதியம் வீட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான்.

கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். உங்களுக்குத் தலைசுற்றல் உண்டா என்று வக்கீல் கேட்டார். உண்டு என்றேன், எது சுற்றல், எது வழுக்கல் என்று பிரித்தறியவும் தெரியும் என்றேன். அண்ணியும் வந்து சொன்னாள். பக்கிரிசாமிக்கு விடுதலை கிடைத்தது. வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், ஆனால் தள்ளியே நின்றார்.

இப்போதும் இருட்டில் சட்டென்று திரும்பினால் தரை ஒரு கணம் பின்தங்கி வருகிறது. காத்திருந்தால் வந்து சேர்ந்துவிடும். முன்பு வளைவு என்பது கடந்துபோகிற இடம். இப்போது அதற்குள் நுழைவது, இருப்பது, வெளியே வருவது என்று ஒவ்வொன்றும் தனித்தனி நேரம். உடம்பை நம்புவதில்லை, விசாரித்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யலாம்.

பல மாதம் பேசாதிருந்த அண்ணன் ஒருநாள் மயிலாடுதுறையில் ரயில் பிடிக்க வேண்டி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பொட்டுகளைப் பார்த்தார். மதகு வளைவில் யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள். அதற்கு முன்பாகவே காரை நிறுத்திவிட்டேன். அவருடைய கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"பிரேக் என் பக்கந்தான் இருக்கு அண்ணா."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "சத்தியமா அன்னிக்கு மறந்துதான் போனேன்."

நான் சாவியைப் பார்த்தேன். அது நேராகத் தொங்கியது. நிற்கிற காரில் அது எப்போதும் நேராகத்தான் தொங்கும்.